மீதமிருந்த மாத்திரைகள்

பிரஷர் கிளினிக் வேலை என்பது பாதி நர்ஸ் வேலை, பாதி போலீஸ் வேலை. யூனிஃபார்ம் மட்டும்தான் நர்ஸுடையது.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினேழு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் சாதாரண பிரஷர்காரர்கள் இல்லை. நீர் மாத்திரையும் சேர்த்து மூன்று, நான்கு, ஐந்து வகை மாத்திரை கொடுத்தும் பிரஷர் இறங்காதவர்கள். அவர்களில் சிலருக்கு இப்போது ஒரு சிகிச்சை இருக்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைச் சுற்றி மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. 'இறுக்கு, இறுக்கு' என்று மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே ஓயாமல் சேதி கொண்டுபோவது அவைதான். தொடை வழியாக ஒரு மெல்லிய டியூபை உள்ளே விட்டு, அந்த நரம்புகளைச் சூடு வைத்து அடக்குவார்கள். சேதி குறைந்தால் பிரஷரும் ஓரளவு இறங்கும்.

யாருக்கு அதைச் செய்வது என்பதில்தான் சிக்கல். உண்மையிலேயே மருந்துக்கு அடங்காதவர்களுக்கு மட்டும்தான் செய்ய வேண்டும். மருந்தே சாப்பிடாமல் 'அடங்கவில்லை' என்று வருகிறவர்களைக் கண்டுபிடித்து விலக்க வேண்டும். அது என் பொறுப்பு. பிரஷர் பார்ப்பேன், இருபத்துநாலு மணி நேரம் ஓடும் மெஷினைக் கையில் கட்டி அனுப்புவேன், வீட்டில் மீந்த மாத்திரைகளைக் கொண்டுவரச் சொல்லி எண்ணுவேன். எனக்கும் பிரஷர் உண்டு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று விழுங்குகிறேன். ஆகவே இதைப் படிக்கிற பிரஷர்கார சகோதர சகோதரிகளே, நானும் உங்கள் கட்சிதான். ஆனாலும் உங்களை நம்பாமலிருக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

வெறும் வயிறு

சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் அருணாசலம் அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். காலை எட்டரைக்கு வருவார், நான் பட்டையைக் கட்டினால் நூற்றுத் தொண்ணூறு. மாத்திரை ஒன்று கூடும். அடுத்த மாதம் வருவார், மறுபடியும் நூற்றுத் தொண்ணூறு. இப்படியே ஐந்து வகை ஆகிவிட்டது. அவருடைய பெயரைச் சூடு வைக்கிற சிகிச்சைக்கான பட்டியலில் சேர்க்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அவர் மனைவி கூட வந்தார். கடையில் தினமும் பதினோரு மணிக்கு இவருக்குத் தலை சுற்றுகிறது, மூட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளில் மட்டும் ஜோராக இருக்கிறார் என்றார். எனக்குச் சுருக்கென்றது. "அண்ணாச்சி, இன்னைக்குக் காலைல மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டேன். ரத்தப் பரிசோதனைக்கு வருகிற நாள் ஒன்றில்கூட அவர் மாத்திரை போட்டதில்லை. நாங்கள் பிரஷர் பார்த்ததெல்லாம் அந்த நாட்களில்தான். மற்ற நாளெல்லாம் ஐந்தையும் விழுங்கிவிட்டு மண்டியில் மயங்கிக் கிடந்திருக்கிறார்.

நான் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வெறும் வயித்தோட வாங்கன்னு சொன்னது நீங்கதானம்மா? மாத்திரை என்ன, வயித்துக்கு வெளியவா போவுது?"

மாமா கையில் மெஷின்

ஸ்ரீவராகத்திலிருந்து வந்த மாமிக்கு வயது அறுபது இருக்கும். இருபத்துநாலு மணி நேர மெஷினைக் கட்டி அனுப்பினேன். அரை மணிக்கு ஒருதரம் பட்டை தானாகவே ஊதி, கையை இறுக்கி, அளந்து குறித்துக்கொள்ளும். குளிக்காதீர்கள், கழற்றாதீர்கள், அளக்கும்போது கையை ஆட்டாதீர்கள் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மறுநாள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், கிளினிக்கில் நூற்று எண்பது இருந்த மாமிக்கு வீட்டில் நூற்றுப் பதினெட்டு. நாடித் துடிப்பும் வேறு ஆளுடையது மாதிரி இருந்தது. டாக்டரிடம் காட்டினேன். எங்கள் டாக்டர் மலையாளி. தமிழர்களிடம் தனக்குத் தெரிந்த தமிழில் பேசுவார். "ஆஸ்பத்திரி பயம் கொண்டு இங்க கூடுது, வீட்ல சரியாகுது" என்று ஒரு மாத்திரையைக் குறைக்கப் போனார். நான்தான் தடுத்து, மாமியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். மாமி மறைக்கவேயில்லை.

"மடியா சமைக்கணும், கேட்டேளா, அந்தப் பட்டையோட அடுப்பண்டை போகப்படாது. மெஷின் வீணாப் போகப்படாதேன்னு மாமா கையில கட்டிவிட்டேன், அவர் சும்மாதானே உட்கார்ந்திண்டிருக்கார்?"

பவுடர் டப்பா

இந்த மாதிரி இன்னும் முப்பது கதை சொல்ல முடியும். சொல்லிச் சொல்லி எனக்குக் கர்வமே வந்துவிட்டது. கோமதி சிஸ்டரை ஏமாற்ற முடியாது என்று டாக்டர்களே சொல்லுவார்கள். நோயாளி வாய் திறந்து சொல்வதை ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுவிட்டு, மாத்திரை அட்டையை எண்ணுவதே என் வழக்கமாயிற்று. அந்தச் சமயத்தில்தான் செல்வராணி வந்தாள்.

பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். நாற்பத்தோரு வயது. புருஷன் இறந்து பல வருஷம் ஆகிறது. பிளஸ் டூ படிக்கிற அனிதா என்ற மகளோடு, தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடான லயத்தில் ஓர் அறையில் குடியிருக்கிறாள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பொது ஓ.பி.யில் ஐந்து வகை மாத்திரை கொடுத்தும் பிரஷர் இறங்காததால் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். காலை முதல் பஸ் பிடித்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி வந்து சேர்ந்தபோது பிரஷர் இருநூற்று நான்கு. பிரஷர் முதலில் கெடுப்பது தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களை. அவற்றை நேரே பார்க்க முடிகிற ஒரே இடம் கண்ணின் பின்பக்கம். அவள் கண்ணில் அங்கங்கே பொட்டுப் பொட்டாக ரத்தம் கசிந்திருந்தது. சிறுநீரில் புரதமும் போனது, அதாவது சிறுநீரகத்துச் சிறு குழாய்களும் கெடத் தொடங்கியிருந்தன. வலி எதுவும் இல்லாததால் அவளுக்கு இதெல்லாம் புதுச் செய்தி. அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். "கண்ணு போனா கொழுந்து எடுக்க முடியாது சிஸ்டர். வேலை போனா லயத்தை ஒழிச்சுக் குடுக்கணும். நானும் மகளும் எங்க போவோம்?" என்றாள்.

எல்லா மாத்திரையையும் சாப்பிட்டாயா என்று கேட்டேன். "சாப்பிட்டேன்" என்றாள். மீந்ததை எடு என்றேன். பையிலிருந்து ஒரு பழைய பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்தாள். ஐந்து வகையில் மூன்று வகை எண்ணிக்கை சரியாக இருந்தது. மற்ற இரண்டில், இரண்டிரண்டு மாத்திரை மீந்திருக்க வேண்டிய இடத்தில் பதினேழு பதினேழு இருந்தன. அதில் ஒன்று நீர் மாத்திரை. எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். தேயிலைக் காட்டில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. நீர் மாத்திரை போட்டுக்கொண்டு எவள் அங்கே நாள் முழுக்க நிற்பாள்? அவளுடைய ஓ.பி. புத்தகத்தில் 'மாத்திரை ஒழுங்காக எடுப்பதில்லை' என்று இங்கிலீஷில் எழுதினேன். அப்படி எழுதிவிட்டால் பட்டியலில் பெயர் ஏறாது; மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வர வேண்டும். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே அவள் டப்பாவை மூடினாள்.

"வேற என்னமும் பாக்கணுமா, சிஸ்டர்?"

தலையாட்டல்

மூன்று மாதம் கழித்து வந்தாள். இருநூறு. டப்பா முன்னைவிட நிறைந்திருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்று இவளுக்கே அக்கறையில்லை, நான் ஏன் கிடந்து அடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. உட்காரவைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். கண் படத்தைக் காட்டினேன். இந்தச் சிறு குழாய்கள் போனால் திரும்பி வராது என்றேன். மகளை நினைத்துப் பார் என்றேன். அதுவரைக்கும் குனிந்திருந்தவள் அந்த வார்த்தைக்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. தப்பு செய்தவள்தான் இப்படிப் பேசாமலிருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன். தோட்டத்தில் மேஸ்திரியிலிருந்து ஆபீஸ்காரர் வரைக்கும் யார் திட்டினாலும் தலையாட்டிவிட்டு வருவதுதான் அங்கே சீக்கிரம் வீடு போய்ச் சேர வழி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"நீங்க சொல்றது சரிதான் சிஸ்டர், இனி நல்லாச் சாப்பிடுறேன்."

இடது கண்

அடுத்த ஐந்தாவது வாரம், தேதி கொடுக்காத ஒரு நாளில், அனிதா தன் அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். முந்தின நாள் காலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது செல்வராணிக்கு இடது கண்ணில் பாதி இருட்டியிருக்கிறது. மத்தியானத்துக்குள் முழுக்க இருட்டிவிட்டது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, பின்னாலிருக்கிற மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று அடைத்து உள்ளே ரத்தம் கொட்டியிருக்கிறது, பார்வை பெரிதாகத் திரும்பாது என்று சொல்லிவிட்டார்.

நான் வழக்கம்போல டப்பாவைக் கேட்டேன். நினைத்துப் பார்த்தால் இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரமாக வருகிறது. அந்த நேரத்திலும் எனக்கு எண்ணத்தான் தோன்றியது. செல்வராணி பையைத் திறக்கப் போனாள். மகள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். படபடவென்று பேசினாள். மாசாமாசம் ஹெல்த் சென்டரிலிருந்து ஒரு சேச்சி லயத்துக்கே வந்து இதே குளிகையில் இரண்டு வகை கொடுத்துவிட்டுப் போகிறாள். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் அதே இரண்டு. மழைக்காலத்தில் மலை ரோடு இடிந்தால் நாள்கணக்கில் பஸ் வராது. அப்போது மருந்து முடங்கிவிடக் கூடாதென்று அம்மா கூடுதலாக வந்ததை அந்த டப்பாவில் சேர்த்துவைக்கிறாள். ஒரு நாள்கூட அவள் மாத்திரை தவறவிட்டதில்லை. நீர் மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் காட்டில் நின்றிருக்கிறாள். மற்ற மூன்று வகையும் எண்ணிக்கை சரியாக இருந்ததே, அது ஏன் என்று நான் ஒருமுறையாவது யோசித்தேனா? அந்தப் பெண் கேட்ட கேள்வி அதைவிடச் சுலபமானது.

"நிங்க எண்ணினீங்க, சரி. இது எவிடேருந்து வந்ததுன்னு அம்மாட்ட ஒரு வாக்கு கேட்டீங்களா?"

நாக்கைத் தூக்கு

டாக்டர் அவளை வார்டில் சேர்த்தார். சிறுநீரகத்து ரத்தக் குழாயில் அடைப்பு உண்டா, சுரப்பியில் கட்டி உண்டா, தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா, வலி மாத்திரை சாப்பிடுகிறாளா என்று எல்லாம் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கடைசியாகச் செய்யவேண்டியது என் வேலை. நான்கு நாள் ஐந்து வகை மாத்திரையும் என் கையால் கொடுக்க வேண்டும், என் கண்ணெதிரே விழுங்க வேண்டும், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதன்பிறகு மெஷின்.

ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே தினமும் வாயைத் திறந்து காட்டினாள். இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மெஷினைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் இணைத்தபோது, பிரஷர் இறங்கியிருக்கக் கூடாதா என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். இறங்கியிருந்தால் அவள் வீட்டில் மாத்திரை சாப்பிடவில்லை என்றாகும்; நான் எழுதியது சரியாகிவிடும். அவளுக்காக அல்ல, எனக்காகத்தான் அந்த வேண்டுதல். வெட்கக்கேடு. சராசரி நூற்று எண்பத்தாறு என்று வந்தது.

சிறுநீரகம் ஓர் அளவுக்கு மேல் கெட்டுவிட்டால் இந்தச் சிகிச்சையைச் செய்வதில்லை. செல்வராணி அந்த எல்லைக்குச் சற்று இப்பால் நின்றாள். இன்னும் ஒரு மூன்று மாதம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை. டாக்டர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். நீ எழுதியதால்தான் கண் போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது, முன்னமே செய்திருந்தாலும் போயிருக்கலாம் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆனா கோமதி, அவர் பறஞ்சது முழுக்க சத்தியம், நம்மதான் கேக்கல்ல."

வலது கண்

சிகிச்சைக்கு முந்தின நாள் டாக்டர் எல்லாவற்றையும் அவளுக்கு விளக்கினார். இது மந்திரம் இல்லை. மாத்திரைகள் நிற்காது. பிரஷர் ஒரேயடியாக இறங்காது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல இறங்கும், சிலருக்கு இறங்காமலும் போகலாம். போன பார்வை திரும்பாது. மிச்சமிருக்கிற சிறு குழாய்களின் மேல் விழும் பாரத்தைக் குறைப்பதுதான் நோக்கம். அவள் கேட்டுக்கொண்டாள். கையெழுத்துப் போடும்போது காகிதத்தில் கோடு எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தாள், ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் இன்னும் பழகவில்லை.

மறுநாள் நானே கேட்டு வாங்கி அவளுடன் சிகிச்சை நடக்கிற லேபுக்குள் போனேன். தொடையில் மரப்பு ஊசி போட்டு டியூபை உள்ளே விட்டார்கள். பெரிய திரையில் அவளுடைய சிறுநீரகத்துக் குழாய் கிளை பிரிந்து தெரிந்தது. மயக்க மருந்து கொடுத்திருந்தாலும் சூடு வைக்கும்போது முதுகுப் பக்கம் ஆழமாக ஒரு வலி வரும். ஒவ்வொரு இடமாக, இரண்டு பக்கமும் வைத்தார்கள். அவள் என் விரல்களைப் பிடித்திருந்தாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன கை. வலி வரும்போதெல்லாம் அந்தக் கை இறுகும், பிறகு தளரும். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. முடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது அரைமயக்கத்தில் என்னைக் கேட்டாள்.

"வலது கண்ணு போதும் சிஸ்டர், அது இருக்குமான்னு மட்டும் சொல்லுங்க."

முதல் நாளே

ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது வீட்டுக்குக் கட்டி அனுப்பிய மெஷினில் நூற்று நாற்பத்தெட்டு இருந்தது. நல்ல பிரஷர் என்று சொல்ல முடியாது; ஆனால் அவளுக்கு அது பெரிய இறக்கம். சிறுநீரில் புரதம் குறைந்திருந்தது. வலது கண்ணில் புதிதாகக் கசிவு இல்லை. டாக்டர் ஒரு கடிதம் எழுதிக்கொடுத்ததன் பேரில் தோட்டத்தில் அவளைக் கொழுந்து எடுப்பதிலிருந்து மாற்றி, நாற்றங்காலில் பையில் மண் நிரப்புகிற வேலைக்குப் போட்டிருந்தார்கள். லயம் இருக்கிறது. அனிதா பரீட்சை எழுதியிருக்கிறாள். இதையெல்லாம் செல்வராணி சிரித்த முகமாகத்தான் சொன்னாள்.

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவளுடைய ஓ.பி. புத்தகத்தைத் திருப்பினால் என் கையெழுத்தில் அந்த வரி இன்னும் இருக்கிறது. அதை எழுதியது நான்தான் என்று சொன்னேன். தப்பாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். பதினேழு வருஷத்தில் ஒரு நோயாளியிடம் நான் சொன்ன முதல் மன்னிப்பு அது. அவள் ஆச்சரியப்படவேயில்லை. "தெரியும் சிஸ்டர். வீட்டுக்குப் போன அன்னைக்கே அனிதா படிச்சு அர்த்தம் சொல்லிட்டா" என்றாள். தெரிந்துகொண்டேதான் மூன்று மாதம் கழித்து வந்து என் பாடத்தைக் கேட்டிருக்கிறாள். "பின்ன ஏன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல?" என்று கேட்டேன். அவள் குரலில் கோபம் இல்லை, குறை இல்லை. நான் எதையோ மறந்துவிட்டேன் என்பதுபோல நிதானமாக நினைவுபடுத்தினாள்.

"சொன்னேனே சிஸ்டர், சாப்பிட்டேன்னு முத நாளே சொன்னேனே."

மாத்திரைகளை இப்போதும் எண்ணத்தான் செய்கிறேன், ஆனால் பேனாவை எடுப்பதற்கு முன்னால் எதிரே இருப்பவரிடம் கேட்டு அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கிறேன். இந்தச் சின்னப் பாடத்தைப் படிக்க எனக்குப் பதினேழு வருஷ சர்வீஸும், அடுத்தவளுடைய ஒரு கண்ணும் தேவைப்பட்டிருக்கிறது.